பாதி சிவப்பு, பாதி வெள்ளை: சுழற்பந்து வீச்சாளருக்கான இருநிறப் பந்து

இருநிறப் பயிற்சிப் பந்து என்று ஒன்று விற்கிறார்கள். தையலுக்கு ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் வெள்ளை. மற்றபடி சாதாரணத் தோல் பந்துதான். நான் வலது கை லெக் ஸ்பின்னர். கிளப் ஆட்டங்களில் இன்னும் வீசுகிறேன். மாலை நெட்டில் சுழல் போடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. என் கையிலும் அவர்கள் கையிலும் இந்தப் பந்து ஒரு பருவம் முழுக்கப் புழங்கிவிட்டது. வெள்ளை பழுப்பேறி, தோல் தேய்ந்த பிறகு, நிதானமாக இதை எழுதுகிறேன்.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். சுழற்பந்து பழகுகிறவர் கையில் இருக்க வேண்டிய பொருள் என்றே சொல்வேன். ஆனால் இது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

ஒரே நிறப் பந்தில் வீசும்போது வீச்சாளருக்குக் கிடைக்கிற விடை ஒன்றே ஒன்றுதான்: பந்து திரும்பியதா, திரும்பவில்லையா. அதுவும் பிட்ச்சில் பட்ட பிறகுதான் தெரியும். திரும்பாத பந்துக்குக் காரணம் பல இருக்கலாம். விரல்கள் போதுமான சுழற்சியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாம். நல்ல சுழற்சி கொடுத்தும் அது வேறு அச்சில் போயிருக்கலாம். அச்சு ஓரளவு சரியாக இருந்தும் தையல் தள்ளாடி, பந்து வழவழப்பான தோலில் விழுந்து வழுக்கிக்கொண்டு போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் திருத்தம் வேறு. ஆனால் வீச்சாளர் நிற்கிற இடத்திலிருந்து எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். கை பந்தை விட்டதிலிருந்து அது பிட்ச்சில் படுகிற வரைக்கும் ஒரு வினாடிகூட ஆவதில்லை. அதற்குள் ஒரே நிறமாகச் சுழல்கிற ஒரு பந்தில் கண்ணால் எதைப் பிரித்துப் பார்ப்பது? அதனால்தான் நெட்டில் எல்லோருக்கும் ஒரே அறிவுரை கிடைக்கிறது: "இன்னும் நல்லாச் சுத்து." பாதிப் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லாத அறிவுரை. அவர்கள் நன்றாகத்தான் சுற்றுகிறார்கள்; எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை.

இந்தப் பந்து அதைக் காட்டிவிடுகிறது. பந்து சுழல்கிற அச்சு தையலுக்குச் செங்குத்தாக இருந்தால், சிவப்புப் பாதி தன் இடத்திலேயே சுழலும். வெள்ளைப் பாதியும் தன் இடத்திலேயே சுழலும். நடுவில் உள்ள கோடு ஆடாமல் நிற்கும். அவ்வளவு வேகமாகச் சுழன்றுகொண்டிருந்தாலும், கண்ணுக்குப் பந்து அசையாமல் மிதந்து போவதுபோல இருக்கும். அச்சு கொஞ்சம் பிசகினால் கோடு நடுங்கும். நிறையப் பிசகினால் இரண்டு நிறமும் கலந்து இளஞ்சிவப்பாக ஒரு கலங்கல்தான் போகும். முதல் முறை கோடு ஆடாமல் நின்று போவதைப் பார்க்கிறவர் முகத்தில் வருகிற சந்தோஷம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கோடு நின்றால் மட்டும் போதாது, எந்த நிறம் எவ்வளவு தெரிகிறது என்பதிலும் செய்தி இருக்கிறது. சிவப்பு இடது பக்கம் வருமாறு பிடித்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாப் ஸ்பின்னர், அதாவது நேர் முன்னோக்கிச் சுழல்கிற பந்து, போட்டால், பின்னாலிருந்து பார்க்கிற எனக்குப் பந்து நடு வகிடு எடுத்ததுபோல இருக்கும்: இடது பாதி சிவப்பு, வலது பாதி வெள்ளை. லெக் பிரேக்கில், அதாவது வலது கை பேட்டருக்கு லெக் பக்கமிருந்து ஆஃப் பக்கம் திரும்புகிற பந்தில், தையல் முதல் ஸ்லிப்பை (விக்கெட் கீப்பருக்கு அடுத்து ஆஃப் பக்கம் நிற்பவரை) பார்த்துப் போகும். அப்போது எனக்குப் பெரும்பாலும் சிவப்புதான் தெரியும். வலது ஓரத்தில் வெள்ளை ஒரு பிறையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிறை மெலிய மெலியப் பக்கச் சுழற்சி கூடுகிறது என்று பொருள். பிறையே இல்லாமல் முழுச் சிவப்பாகப் போனால் அது முழுக்க முழுக்கப் பக்கச் சுழற்சி. கூக்ளி, அதாவது லெக் பிரேக் போலவே கை வந்து எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து, போட்டால் எல்லாம் தலைகீழ்: எனக்கு வெள்ளை நிறையத் தெரியும், இடது ஓரத்தில் சிவப்பு பிறையாக நிற்கும்.

இந்தப் பந்துகள் எல்லாவற்றுக்கும் விரல் செய்கிற வேலை ஒன்றுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலுக்குக் குறுக்கே மேலே இருக்கின்றன. மடங்கிய மோதிர விரலின் பக்கவாட்டில் தையல் உட்கார்ந்திருக்கிறது. பந்தைச் சுழற்றிவிடுகிற வேலையில் பெரும்பங்கு அந்த மோதிர விரலுக்கு. மாறுவதெல்லாம் விடுகிற நேரத்தில் மணிக்கட்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதுதான். கூக்ளியைத் தனி வித்தையாக நினைத்துப் பயப்படுகிற பிள்ளைகளிடம் இதைப் பலமுறை வாயால் சொல்லியிருக்கிறேன், கையைப் பிடித்துத் திருப்பியும் காட்டியிருக்கிறேன். பந்தில் சிவப்பு மெல்லக் குறைந்து, பாதியாகி, அப்புறம் வெள்ளை ஏறுவதை வரிசையாக நான்கைந்து பந்துகளில் பார்த்தபோதுதான் அவர்களுக்கு அது பிடிபட்டது. மணிக்கட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக்கொண்டே போனால் லெக் பிரேக்கிலிருந்து கூக்ளிக்கு நடந்தே போய்விடலாம், நடுவில் டாப் ஸ்பின்னர் இருக்கிறது, அவ்வளவுதான்.

எங்கள் நெட்டில் ஒரு பெண் லெக் ஸ்பின் போடுகிறாள். நின்ற இடத்திலிருந்து பத்தடி தள்ளி நிற்பவருக்குச் சுண்டிவிட்டால் கோடு துளி ஆடாது. ஓடி வந்து போட்டால் வெறும் கலங்கல். விரல் பழகவில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நின்றுகொண்டு போடும்போது அதே விரல்தானே சரியாகச் செய்கிறது? ஆகவே கோளாறு விரலுக்குக் கீழே எங்கோ இருக்க வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்கால் தரையில் ஊன்றியதும் அவள் உடம்பு இடது பக்கம் சரிந்துவிடுகிறது. தலை சரிய, தோள் சரிய, கை வருகிற பாதையும் சரிகிறது. பந்துக்குப் பின்னால் இருக்க வேண்டிய கை பந்தின் பக்கமாகவும் அடியாகவும் போய்விடுகிறது. விரல் தன் வேலையைச் செய்தாலும் தையலின் குறுக்கே செய்யாமல் சாய்வாகச் செய்கிறது.

ஓட்டத்தை எடுத்துவிட்டு முதலில் நின்ற இடத்தில் பக்கவாட்டாகத் திரும்பி நின்று, முன்கால் விரல்களில் ஊன்றி இடுப்பை முழுக்கச் சுற்றி, வலது தோள் பேட்டரைப் பார்க்கிறமாதிரி முடிக்கச் சொன்னேன். கோடு நின்றது. அப்புறம் ஓர் அடி நடந்து. அப்புறம் மெதுவாக மூன்றடி. ஒவ்வொரு கட்டத்திலும் கோடு நடுங்க ஆரம்பித்தால் ஒரு கட்டம் பின்னால் வர வேண்டும், இதுதான் விதி. "அக்கா, இப்ப ஆடுது, நான் ஒரு அடி கொறைச்சுக்கிறேன்" என்று அவளே சொல்லிப் பின்வாங்குவாள். நான் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதும் அவள் தன்னைத் தானே திருத்திக்கொண்டிருந்தாள். இந்தப் பந்தின் முழு மதிப்பும் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயிற்சியாளர் பார்க்காத நேரத்திலும் வீச்சாளருக்கு ஒவ்வொரு பந்துக்கும் பதில் கிடைக்கிறது.

இன்னொருவன் ஆஃப் ஸ்பின்னர், ஆஃப் பக்கமிருந்து லெக் பக்கம் திருப்புகிறவன். நல்ல நீளமான விரல்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு தையலில் பதிந்து சுழற்றுகிற அழகைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பந்து சுளீரென்று திரும்பும். ஆனால் நெட்டில் எல்லோரும் அவனை முன்னே வந்து எளிதாக அடித்துவிடுவார்கள். இவ்வளவு திருப்புகிற பையனை ஏன் இப்படி அடிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் புதிர். இருநிறப் பந்தைக் கொடுத்தபோது விஷயம் தெரிந்தது. பின்னாலிருந்து பார்த்தால் முழு வெள்ளை, சிவப்புப் பிறை மருந்துக்கும் இல்லை. தையல் ஸ்கொயர் லெக்கைப் பார்த்துப் போகிறது. அதாவது சுழற்சி முழுவதும் பக்கவாட்டில் போய்விட்டது. முன்னோக்கிச் சுழல்வது துளியும் இல்லை.

முன்னோக்கிய சுழற்சி ஏன் வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பேட்டரை ஏமாற்றுகிற விஷயம். சுழல்கிற பந்து காற்றில் போகும்போது தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் பந்து தள்ளப்படுகிறது. மாக்னஸ் விளைவு என்பது இதுதான். டாப் ஸ்பின் இருக்கிற பந்தை இந்த விசை கீழே அழுத்தும். பேட்டர் கணித்த இடத்துக்கு முன்பே பந்து இறங்கிவிடும். முன்னே வந்தவர் பந்து விழுகிற இடத்துக்குப் போய்ச் சேர முடியாமல் திண்டாடுவார். விழுந்த பிறகு எழும்பவும் செய்யும். அந்தப் பையனின் பந்தில் இது எதுவும் இல்லை. கையை விட்ட நொடியிலேயே அது எங்கே விழும் என்று பேட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. விழுகிற இடத்திலேயே போய் அடித்துவிட்டால், அப்புறம் எவ்வளவு திரும்பினால் என்ன?

அவனுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றே ஒன்று: சிவப்புப் பிறையைக் கொண்டு வா. தையல் ஃபைன் லெக் பக்கம் பார்க்கட்டும், கை இன்னும் கொஞ்சம் பந்தின் மேலே ஏறி வரட்டும். இதைச் சாதாரணப் பந்தில் சொல்லியிருந்தால் எவ்வளவு ஏறியது என்று அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. இதில் பிறையின் அகலத்தை வைத்தே பேசிக்கொள்ளலாம். "இன்னும் கொஞ்சம் சிவப்பு", "இது அதிகம், திரும்பாது" என்று தள்ளி நின்றே சொல்ல முடிந்தது. பிறை வந்தபோது திருப்பம் கொஞ்சம் குறைந்தது. அதில் அவனுக்கு வருத்தம்தான். ஆனால் பந்து இறங்க ஆரம்பித்தது. முன்னே வந்து அடித்தவர்கள் கிரீஸிலேயே தயங்கி நின்றார்கள்.

முழுப் பக்கச் சுழற்சி வீண் என்று சொல்ல வரவில்லை. பந்து மேலே போய்க் கீழே இறங்கத் தொடங்கும்போது அந்தச் சுழற்சி பந்தைக் காற்றிலேயே பக்கவாட்டில் இழுக்கும், அதுவும் திரும்பப்போகிற திசைக்கு நேர் எதிரே. லெக் பிரேக் முதலில் லெக் பக்கம் நகர்ந்துபோய், விழுந்ததும் ஆஃப் பக்கம் திரும்புவது இதனால்தான். 1993 ஜூன் 4 அன்று ஓல்ட் டிராஃபோர்டில் ஆஸ்திரேலிய லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன் இங்கிலாந்தின் மைக் கேட்டிங்குக்குப் போட்ட பந்தைத் திரும்பப் பாருங்கள். திருப்பத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பந்து காற்றில் லெக் பக்கம் வளைந்துபோய் லெக் ஸ்டம்புக்கு வெளியே விழுந்ததுதான் கேட்டிங்கை முதலில் இடம் பிசக வைத்தது. ஆஃப் ஸ்டம்பைத் தட்டியது அதற்கு அடுத்த கதை. எவ்வளவு பக்கச் சுழற்சி, எவ்வளவு முன் சுழற்சி என்கிற கலவையைப் பந்துக்குப் பந்து மாற்றத் தெரிந்தவர்தான் பேட்டரைத் தூங்கவிடாமல் செய்கிறார். அந்தக் கலவையைக் கண்ணால் பார்த்துப் பழக இதைவிடச் சுலபமான பொருளை நான் பார்த்ததில்லை.

இனி இது சொல்லாததற்கு வருவோம். பெட்டியின் மேல் எழுதுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இந்தப் பந்து அச்சைக் காட்டும். அந்த அச்சில் பந்து எந்தத் திசையில் சுழல்கிறது என்பதைக் காட்டாது. டாப் ஸ்பின்னரும் பின்னோக்கிச் சுழல்கிற பந்தும் கண்ணுக்கு ஒன்றே: நடுவில் கோடு, இடது பக்கம் ஒரு நிறம், வலது பக்கம் ஒரு நிறம். முன்னது இறங்கி எழும்பும். பின்னது மிதந்துபோய் விழுந்து தாழ்வாகச் சறுக்கும். ஃபிளிப்பர் அப்படிப்பட்ட பந்துதான். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே நசுக்கி விடப்படுவது. அதைத் தெரிந்தே போட்டால் பிரச்சினை இல்லை. ஆனால் புதிதாகப் பழகுகிற ஆஃப் ஸ்பின்னர்களில் பலர் பந்துக்கு அடியில் விரலை வெட்டி இழுப்பார்கள். கோடு அழகாக நிற்கும், பிறைகூடத் தெரியும், பந்தோ மிதந்துபோய் அடி வாங்கும். நிறத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தப் பிள்ளை சரியாகத்தான் போடுகிறது என்று நினைத்துவிடுவோம்.

இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. சிவப்புப் பாதியில், தையலை ஒட்டி, விரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை ஒட்டுப்பட்டையை ஒட்டுங்கள். கைபேசியில் மெதுவோட்டப் பதிவு, வினாடிக்கு 240 ஃபிரேம், வைத்துப் பின்னாலிருந்து எடுங்கள். அந்தப் பட்டை மேலிருந்து முன்னால் போகிறதா, பின்னால் வருகிறதா என்று தெளிவாகத் தெரியும். அதே பதிவில் சுழற்சியின் வேகத்தையும் கணக்கிட்டுவிடலாம். பட்டை ஒரு முழுச் சுற்று வந்துசேர எத்தனை ஃபிரேம் ஆகிறது என்று எண்ணி, 14,400-ஐ அந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 12 ஃபிரேம் என்றால் 1200 சுற்று. 8 ஃபிரேம் என்றால் 1800. தொலைக்காட்சியில் சர்வதேச வீச்சாளர்களுக்கு 2000 என்று காட்டுகிறார்களே, அதற்கும் நமக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான கருவி கிடையாது. இந்தக் குறியைத் தயாரிப்பவர்களே அச்சிட்டுக் கொடுத்துவிடலாம். ஏன் செய்யவில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

தூஸ்ரா, அதாவது ஆஃப் ஸ்பின்னர் போட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிற பந்து, பழக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிறம் சரியாக வந்துவிட்டதால் ஆக்‌ஷன் சரி என்று ஆகிவிடாது. முழங்கை நிமிர்வதற்கு ஐசிசி அனுமதிப்பது 15 டிகிரி. பந்து அதைச் சொல்லாது. பக்கவாட்டிலிருந்து யாராவது பார்க்க வேண்டும்.

அடுத்து, பொருளின் தரம். தையல் புதிதில் நன்றாக எழும்பி இருந்தது, விரலுக்குப் பிடி கிடைத்தது. கொஞ்ச காலத்தில் படிந்துவிட்டது. எஸ்ஜி, டியூக்ஸ் பந்துகள்போலக் கையால் தைத்த தையல் இதில் இல்லை என்பது அப்போது விரலுக்கே தெரிந்தது. சுழற்பந்து வீச்சாளருக்காகவே செய்கிற பந்தில் தையலில் சிக்கனம் பிடித்திருப்பது நியாயமாகப் படவில்லை. வேகப்பந்து வீச்சாளருக்குத் தையல் பிட்ச்சில் வேலை செய்கிறது. எங்களுக்கு அது கையிலும் வேலை செய்ய வேண்டும்.

வெள்ளைப் பாதியின் மேல்பூச்சு சிவப்பைவிட வழுக்குகிறது. புதிய பந்தில் இது நன்றாகவே தெரியும். மோதிர விரல் பக்கம் வெள்ளை வருமாறு பிடித்தால் ஒரு மாதிரி, சிவப்பு வருமாறு பிடித்தால் ஒரு மாதிரி. முதலில் சில நாள் வெறுமனே கையில் வைத்து உருட்டி, ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுண்டிச் சுண்டி, பூச்சைக் கொஞ்சம் மங்கவைத்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுத்தேன். ஈரப் புல்லில் இதை எடுக்கவே எடுக்காதீர்கள். சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிவிட்டால் எல்லாப் பந்தும் கலங்கலாகத்தான் தெரியும், பந்தின் பயனே போய்விடும். சொரசொரப்பான தரையில் வீசினால் வெள்ளைப் பூச்சு செதில் செதிலாக உதிரும். பாய் விரிப்பிலும் புல் பிட்ச்சிலும் நெடுநாள் தாங்குகிறது. அழுக்கேறினால் துணியை லேசாக நனைத்து வெள்ளையை மட்டும் துடைத்து, நிழலில் காயவைத்தால் போதும்.

எனக்கு இருக்கிற பெரிய குறை அளவைப் பற்றியது. ஆண்கள் ஆடுகிற பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. பெண்கள் ஆடுவது 140 முதல் 151 கிராம் வரை, சுற்றளவும் குறைவு. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரை. நான் வாங்கிய இடத்தில் இந்தப் பந்து ஆண்களின் அளவில் மட்டுமே இருந்தது. மற்ற அளவுகளைப் பற்றிக் கேட்டதற்குச் சரியான பதில் இல்லை. பெரிய பந்தைச் சிறிய கையில் பிடிக்கிறபோது விரல்கள் அளவுக்கு மீறி விரிகின்றன, பந்து உள்ளங்கைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளங்கையில் உட்கார்ந்த பந்தை விரல் எப்படிச் சுழற்றும்? இதில் நன்றாகப் பழகிவிட்டு ஆட்டத்தில் சிறிய பந்தை எடுக்கிறபோது, விடுகிற நேரமும் மாறிப்போகிறது. அக்கறையாகப் பழக வேண்டிய வயதில் இருக்கிறவர்கள்தான் சின்னப் பிள்ளைகள். சுழற்பந்து வீச்சில் ஆர்வத்தோடு வருகிற பெண் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் கைக்கு ஏற்ற அளவு முதலில் வந்திருக்க வேண்டும். சிறிய அளவு கிடைக்கிற இடம் தெரிந்தால் தயங்காமல் அதையே வாங்கிக் கொடுங்கள். கிடைக்காவிட்டால், ஏற்கெனவே ஆடித் தேய்ந்த சிறிய பந்து ஒன்றில் ஒரு பாதிக்கு மட்டும் வெள்ளைச் சாயம் மெல்லிசாகப் பூசிக் காயவையுங்கள், தையல் நூலில் படாமல். நான் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கு அதைத்தான் செய்து கொடுக்கிறேன். ஒட்டுப்பட்டை சுற்றுவது உதவாது. எடை கூடும், தையல் மூடிப்போகும்.

விரல் வைக்க வேண்டிய இடங்களை அச்சிட்ட பந்துகளும் கிடைக்கின்றன. அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். ஒருவர் கை போல இன்னொருவர் கை இருக்காது.

பேட்டர்களுக்கும் இந்தப் பந்து உதவும் என்று சொல்லி விற்கிறார்கள். ஓரளவு உண்மை. லெக் பிரேக்கில் பேட்டருக்கு ஒரு நிறமும் கூக்ளியில் மறு நிறமும் மேலோங்கித் தெரியும். சுழற்சியைக் காற்றிலேயே படிக்க முடியும் என்கிற நம்பிக்கை புதியவர்களுக்கு இதனால் வருகிறது, அது பெரிய விஷயம். ஆனால் சில நாளில் அவர்கள் நிறத்தை மட்டும் பார்க்கப் பழகிவிடுகிறார்கள். மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கையின் பின்புறம் தெரிகிறதா என்றெல்லாம் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். ஆட்டத்தில் பந்து ஒரே நிறத்தில் வரும்போது கையில் எதுவும் இருக்காது. ஆகவே எங்கள் நெட்டில் பேட்டருக்கு எதிரே இதைப் பயன்படுத்துவதைக் குறைத்துவிட்டேன்.

வீச்சாளர்களுக்கும் இதே கவனம் வேண்டும். பயிற்சியின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் இருநிறப் பந்து, பிறகு சாதாரணப் பந்து, கடைசியில் மறுபடி இருநிறப் பந்தில் ஓர் ஓவர், நான் பின்பற்றுவது இதைத்தான். களைத்த பிறகு கோடு நிற்கிறதா என்று கடைசி ஓவரில் பார்த்தால் நிறையத் தெரியும். பெரும்பாலானவர்களுக்குக் கால் களைத்ததும் பிறை காணாமல் போகும், அப்புறம் கோடு நடுங்கும்.

கோடு அசையாமல் நிற்பதையே குறியாக வைத்து ஆட்டத்தை மறந்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. லைனையும் லெங்தையும் இது கற்றுத் தராது. 1999-இல் டெல்லியில் பாகிஸ்தானுக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 74 ரன்னுக்குப் பத்து விக்கெட்டும் எடுத்த அனில் கும்ப்ளே, பெரிதாகத் திருப்புகிறவர் என்று பெயர் வாங்கியவர் இல்லை. வேகமும் எழும்புதலும் பிசகாத இடமும்தான் அவருடைய ஆயுதம். ரவீந்திர ஜடேஜா போடுகிற பந்துகளில் ஒன்று திரும்பும், அடுத்தது அதே இடத்தில் விழுந்து நேரே வரும்; எது எப்படி வரும் என்று தெரியாமல்தான் பேட்டர்கள் தவிக்கிறார்கள். கோடு கொஞ்சம் தள்ளாடுகிற பந்துக்கும் ஆட்டத்தில் இடம் உண்டு. எப்போது தள்ளாடுகிறது என்பது போட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வாங்கும்போது பந்தைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள். செயற்கைத் தோலில் செய்த மலிவு வகை ஒன்றும் இருக்கிறது; எடை குறைவு, அளவுக்கு மீறி எழும்புகிறது, விரலுக்குப் பிடியே கிடைப்பதில்லை. அதை வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். தோல் பந்தில், இரண்டு நிறமும் சந்திக்கிற கோடு தையலின் நடு வரிசையோடு ஒட்டிப் போகிறதா என்று ஒரு சுற்று திருப்பிப் பாருங்கள். சிலவற்றில் வெள்ளை தையலைத் தாண்டிச் சிவப்புப் பக்கம் வழிந்திருக்கும். அந்தப் பந்தில் எவ்வளவு சுத்தமாகச் சுழற்றினாலும் கோடு நடுங்குவதுபோலத்தான் காட்டும். அப்புறம் ஒரு முறை மேலே சுண்டிப் பாருங்கள், கோடு நிற்கிற பந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.